வலப்பக்கம் இருக்க வேண்டியது

தாழ்ப்பாளைப் போட்டதும்தான் மூச்சு வந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், விழுந்திருக்கிறது, சரி. எட்டரைக்கு வீட்டில் ஒரு காபி, ஒன்பதே காலுக்கு ஆபீஸில் ஒரு டீ, அதற்கப்புறம் சரவணம்பட்டி வரைக்கும் சாரின் காரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், இப்போது பன்னிரண்டு அடிக்கப் போகிறது. அறுபது பேர் வேலை செய்கிற சைட்டில் ஒரு பொம்பளைக்கு ஒதுங்க இடம் கிடையாது. பின்னால் தகரம் அடித்து ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குக் கதவு என்று தொங்குவது சிமெண்ட் சாக்கு. சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று இத்தனை மீட்டிங்கில் ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம். இருபத்து நாலு வீடு, வீட்டுக்கு இரண்டு, நாற்பத்தெட்டு கழிவறை வரைந்து கொடுத்திருக்கிறேன், எனக்கென்று ஒன்று இல்லை. உருப்படியாகத் தண்ணீர் வருவது இந்த ஒரு வீட்டில்தான், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்து வைத்த மாதிரி வீடு, இதன் ஹாலில்தான் மீட்டிங்கும். மூன்று ஆம்பளைகள் உட்கார்ந்து ஒருத்தர் நிற்கிற ஹாலிலிருந்து எழுந்து, “டைல்ஸ் லெவல் ஒரு தடவை பாத்துட்டு வந்தர்றேன் சார்” என்று சொல்லி, நம்புவதற்காகக் கையில் அளக்கிற டேப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு எந்த லெவலைப் பார்ப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றாமலா இருக்கும்? தோன்றட்டும். முப்பத்தொன்பது வயதாகிவிட்டது, இனி இதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் கிட்னியில் கல்தான் வரும். அம்மாடி. இப்படி ஒரு நிம்மதிக்கு எவ்வளவு வேஷம் போட வேண்டியிருக்கிறது.

கதவுக்கு அடியில் அரை அங்குலம் சந்து விட்டிருக்கிறார்கள், ஹாலில் பேசுவது எல்லாம் இங்கே கேட்கிறது, அப்படியானால் இங்கே நடப்பதும் அங்கே கேட்கும், கடவுளே, குழாயைத் திறந்து விட்டிருக்கலாம், இனி என்ன செய்ய. கட்டடத்துக்காரர் ஈஸ்வரமூர்த்திதான் கத்துகிறார். “ஏனப்பா ரங்கராசு, உனக்குப் படம் படிக்கத் தெரியுமா தெரியாதா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிப்போடு.” ரங்கராசு ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் ப்ளம்பர், நிற்கிறவர். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அவருக்கு இங்கே வேலை இல்லை, வேறு ஒரு செட் ஆட்கள் வருகிறார்கள். வந்து அவர் இரண்டாவது மாடியில் வைத்த குழாய்ப் பாயிண்ட்டை எல்லாம் கொத்தி எடுத்து, படத்தில் இருக்கிற இடத்தில் மாற்றி வைத்து, நாளைக் காலையில் மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது ஆள். இந்த ஒரு சைட்டை நம்பி வேறு இரண்டு இடத்தில் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம், எஞ்சினியர் தினகரன் வரும்போதே மாடிப்படியில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, ‘ஆனா என்ன மேடம் பண்றது, படத்தை மீறிட்டாரே’ என்றார். அவர் மீறியதற்குச் சாட்சி நான். எந்தெந்தக் கழிவறையில் குழாய் இடம் மாறியிருக்கிறது என்று பிரிண்ட்டில் சிவப்பு வட்டம் போட்டு எடுத்து வந்திருப்பவள் நான். ஆறு வட்டம். நேற்று சாயங்காலம் ஸ்கேலை வைத்து அழகாகப் போட்டேன், ஒரு வட்டம் கோணலாகிவிட்டதென்று திரும்ப ஒரு பிரிண்ட் வேறு எடுத்தேன். எங்கள் ஆர்க்கிடெக்ட் நந்தகோபால் சார் அதைப் பார்த்துவிட்டு, ‘படம்தான் பேசணும் பிரபா’ என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை இதைச் சொல்கிறார். படம் எங்கே பேசுகிறது, நாங்கள்தான் தொண்டை கிழியப் பேசுகிறோம்.

சரி, போதும், எழுந்திருக்கலாம், ரொம்ப நேரமானால் அது வேறு. கையை நீட்டினேன். சுவர். இன்னும் கொஞ்சம் பின்னால் நீட்டினேன். வழவழவென்று சுவர். எங்கே தொலைந்தது இந்தக் கழுவுகிற ஸ்ப்ரே? மாட்டவே இல்லையா? காட்டுவதற்கு வைத்த வீட்டில் இதைக்கூட மாட்டாமல் என்ன கிழிக்கிறார்கள் என்று திரும்பினால், அந்தப் பக்கம் தொங்குகிறது. இடது கைக்குப் பக்கத்தில், பளபளவென்று, மேலே ஒட்டிய ப்ளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதை எடுக்க வேண்டுமானால் நான் இடுப்பைத் திருப்பி வலது கையைக் குறுக்கே கொண்டு போக வேண்டும், ட்யூப் மடியில் உரசும், புடவை நனையும். இல்லையென்றால் இடது கையால் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு எந்தக் கையால் கழுவுவது? யோசனை இருக்கிறதா? மனுஷன் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரைய மாட்டானா? எந்த முட்டாள் இதை இங்கே வைத்தது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அப்புறம் அது அங்கேயே நின்றுவிட்டது. இது பி டைப் வீடு. இது என் ப்ளாக்.

இல்லை, என் ப்ளாக் சரி. என் ப்ளாக்கில் ஸ்ப்ரே வலது பக்கம்தான் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்தேன், க்ளோசெட், ஃப்ளஷ் டேங்க், அதற்குத் தண்ணீர் வரும் பாயிண்ட், கழுவுகிற ஸ்ப்ரே பாயிண்ட், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உருப்படியாகக் கட்டி ஒரு பெயர் கொடுத்தேன். ஒரு தடவை வரைந்தால் போதும், எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் கொண்டு போய் வைக்கலாம், ஒன்றில் திருத்தினால் எல்லா இடத்திலும் தானாகத் திருந்தும். ஆபீஸில் மற்ற இரண்டு பேரும் வேலை அவசரத்தில் ப்ளாக்கை உடைத்துத் தனித்தனிக் கோடாக்கிவிடுவார்கள். நான் அங்கே குரலை உயர்த்துவதே இதற்குத்தான். உடைக்காதீங்கப்பா, உடைக்காதீங்கப்பா, கட்டி வைத்ததைக் கட்டி வைத்தபடியே வையுங்கள், பிறகு ஒரு மாற்றம் வந்தால் நாற்பத்தெட்டு இடத்தில் தேடித் தேடி யார் திருத்துவது என்று கத்தியிருக்கிறேன். ஒன்பது வருஷமாக ஒருத்தரும் என் ப்ளாக்கில் குறை சொன்னதில்லை. ஒன்பது வருஷமும் சரியாகத்தானே இருந்தது? இருந்ததா? யார் போய்ப் பார்த்தார்கள்? ஏ டைப்பில் சரி, அதில் சந்தேகமே இல்லை. ஏ டைப்பை முடித்துவிட்டு, நடுவில் ஒரு கோடு போட்டு, மிர்ரர் என்று அடித்தேன், பி டைப் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த மாதிரி, வலது எல்லாம் இடது. ஐந்து நிமிஷத்தில் பன்னிரண்டு வீடு. அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்து, கீழே போய் பப்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அப்படித் திருப்பும்போது அறைகளின் பெயர் தலைகீழாகாமல் இருப்பதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. சமையலறை என்று எழுதியிருப்பது திரும்பி நின்றால் படிக்க முடியாதே என்று எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எழுத்து திரும்பக் கூடாது என்று யோசித்தவனுக்குக் கை திரும்பாது என்று தோன்றவில்லை. அவன் ஊரில் பேப்பரால் துடைக்கிறவன், அவனுக்குத் தோன்றாது. எனக்குத் தோன்ற வேண்டாமா? நான் எந்த ஊர்?

வீட்டைத் திருப்பலாம், ஜன்னலைத் திருப்பலாம், அடுப்பு மேடையைத் திருப்பலாம். பி டைப் வீட்டில் குடிவருகிறவன் சாப்பிடும் கையை மாற்றிக்கொண்டா வருவான்? மேலிருந்து பார்த்துப் பார்த்தே என் கண் கெட்டுவிட்டது. படத்தில் எல்லாரும் மேலிருந்து பார்க்கிற கடவுள். ஒருத்தரும் உட்காருவதில்லை. இப்போது அந்த ப்ளாக்கைத் திருத்தினால்? திருத்தினால் பி டைப் சரியாகிவிடும், ஏ டைப் பன்னிரண்டும் கெட்டுவிடும், ஏனென்றால் அதுவும் இதுவும் ஒரே ப்ளாக், நான்தான் அப்படிக் கட்டி வைத்தேன், நான்தான் உடைக்காதே உடைக்காதே என்று கத்தினேன். புதிதாக ஒன்று வரைந்து வேறு பெயர் கொடுத்து ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். வைக்கலாம், அரை மணி நேர வேலை, படத்தில். சுவரில்? முதல் மாடியில் மூன்று பி டைப் வீட்டுக்கும் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. ஆறு கழிவறை, இது உட்பட. அதை உடைக்க வேண்டும். இரண்டாவது மாடியில் ரங்கராசு வைத்தது…

ரங்கராசு வைத்தது. அதானே. இரண்டாவது மாடியில் பி டைப் மூன்று வீட்டிலும் ஸ்ப்ரே பாயிண்ட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார். வலது பக்கம். உட்கார்ந்தால் வலது பக்கம். நான் சிவப்பு வட்டம் போட்ட ஆறு இடமும் சரியான இடம். வட்டம் போடாமல் விட்ட பி டைப் எல்லாம் தப்பு. ஐயோ. அந்த மனிதர் வெளியே நிற்கிறார், ‘படம் படிக்கத் தெரியுமா’ என்று கேட்கிறார்கள், அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்? ஏற்கெனவே ஒரு தடவை திறந்தார். வியாழக்கிழமை திறந்தார். ஆபீஸில் டப்பாவைத் திறந்து வைத்துத் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், போன் வந்தது, இடது கையால் எடுத்தேன். “மேடம், மாதிரி வீட்ல இன்னைக்கு ஸ்ப்ரே மாட்டிப் பாத்தனுங்க. பி டைப்புல அது பீச்சாங்கைப் பக்கமா வந்துருதுங்க.” சாப்பிடும்போது காதில் விழ வேண்டிய வார்த்தையா அது? எனக்குச் சுருக்கென்று வந்தது. “அண்ணா, நான் சாப்பிட்டுட்டு இருக்கேன். ரைட்டா லெஃப்ட்டான்னு டீசண்ட்டா சொல்லுங்க.” “படத்துல ரைட்டுங்க. ஆனா உக்காந்தா…” “படத்துல ரைட்டுன்னா ரைட்டுலயே வைங்க. படத்துல எப்படி இருக்கோ அப்படிப் பண்ணுங்க.” “இல்லீங் மேடம், உக்காந்து பாத்தா சோத்தாங்கைக்கு…” வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, ‘இவங்களோட ஒரே ரோதனை’ என்று பக்கத்தில் சொல்லவும் சொன்னேன். ரைட்டு லெஃப்ட்டு என்று சொன்னால் எந்த ரைட்டு, படத்தின் ரைட்டா, ஆளின் ரைட்டா என்று குழம்பும். சோத்தாங்கை என்றால் குழம்பாது, எங்கே நின்றாலும் எங்கே உட்கார்ந்தாலும் சோத்தாங்கை சோத்தாங்கைதான். அவர் சரியான வார்த்தையைத்தான் சொன்னார். நான் டீசண்ட்டான வார்த்தையைக் கேட்டேன்.

“இன்னொருத்தர் படத்துல கை வெக்கறதுக்கு நீ யாரு?” இது ஈஸ்வரமூர்த்தி. “பேசாம நின்னா என்ன அர்த்தம்?” சார் ஏதோ மெதுவாகச் சொல்கிறார், படம், பேச்சு, அதுவாகத்தான் இருக்கும். சார் ஆயிரம் கழிவறை கட்டியிருப்பார், அவர் பாத்ரூமைப் பற்றிப் பேசும்போது வாஸ்து பேசுவார், காற்றோட்டம் பேசுவார், டைல்ஸ் கலர் ஒரு மணி நேரம் பேசுவார். கழுவுவதைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டிருக்கிறேனா? சரி, நான் இப்போது எப்படிப் பேசுவது? கதவைத் திறந்து, சார், நான் இப்பதான் உள்ளே… என்றா? லெவல் பார்க்க வந்தவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்பார்களே. கேட்க மாட்டார்கள், கேட்காமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள், அது அதைவிட மோசம். பேசாமல் இருந்துவிட்டால்? இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டு மணிக்கு ஆள் வருவார்கள், கொத்துவார்கள், மேலே டைல்ஸ் ஏறிவிடும். பன்னிரண்டு குடும்பம் தினமும் காலையில் இடுப்பைத் திருப்பித் திருப்பி, கட்டினவனைத் திட்டிக்கொண்டு கழுவும், யார் வரைந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. காரில் வரும்போது சார் சொன்னார், அடுத்த மாதம் அவிநாசி ஹாஸ்டல் வேலை வருகிறது, முழுப் படமும் உன் பொறுப்புதான் என்று. இருநூறு அறை. இருநூறு அறைக்கும் இந்த ப்ளாக்தான் போகும், பாதி அறை மிர்ரரில். ஆறு கழிவறை டைல்ஸை உடைக்க வைத்தவள் கையில் யார் இருநூறு அறையைக் கொடுப்பார்கள்? கொடுக்காவிட்டால் போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதுதான் உண்மை. ஒன்பது வருஷம் காத்திருந்தேன். ஆனால் அந்த ஆள் இரண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். சரியாகச் செய்ததற்காகப் போவார். என் வட்டத்தைக் காட்டித்தான் போகச் சொல்வார்கள்.

ஸ்ப்ரேயை வலது கையால் குறுக்கே இழுத்தேன். நினைத்தபடியே புடவை நனைந்தது, கொசுவத்துக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு. எரிச்சலில் அழுகை வரும் போலிருந்தது. எழுந்து ஃப்ளஷ்ஷை அமுக்கினேன், ஊரே கேட்கிற சத்தம், கேட்கட்டும். கை கழுவினேன், சோப்பு இல்லை, சோப்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

நாலு பேரும் திரும்பினார்கள். தினகரன் நனைந்த புடவையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நோட்டைப் பார்த்தார். ரங்கராசு சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் என் பிரிண்ட் விரித்து வைத்திருந்தது.

“லெவல்லாம் ஓகேவா பிரபா?” என்றார் சார்.

“சார், நீங்க ஒரு நிமிஷம் உள்ள போய் உக்காந்து பாருங்க.”

“எதுல?”

“க்ளோசெட்ல சார். மூடியைப் போட்டு மேல உக்காந்தாப் போதும். உக்காந்துட்டு, அப்படியே சோத்தாங்கைய நீட்டுங்க.”

ஈஸ்வரமூர்த்தி சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். சார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார், எழுந்து போனார். கதவைச் சாத்தவில்லை. ஷூவோடு, இஸ்திரி கலையாத பேண்ட்டோடு, மூடியின் மேல் உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். சுவரைத் தொட்டார். கையை எடுக்காமல் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, தொங்குகிற ஸ்ப்ரேயைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரமூர்த்தி எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

“அட, ஆமாங் சார்,” என்றார். “இது இந்தப் பக்கமல்லோ வரோணும்.” பிறகு ரங்கராசு பக்கம் திரும்பினார். “இது தெரிஞ்சுதான் மாத்துனயா?”

“ஆமாங்க.”

“அப்பறம் வாயத் தொறந்து ஒரு வார்த்தை யாருகிட்டயாச்சும் சொல்றதுக்கென்னப்பா? அரை மணி நேரமா மரமாட்ட நிக்கற?”

ரங்கராசு தரையைப் பார்த்தார். என் பக்கம் அவர் பார்வை வரவே இல்லை, வராமல் பார்த்துக்கொண்டார்.

“சொல்லோணும்னு தோணலீங்க,” என்றார்.

சார் வெளியே வந்து கைக்குட்டையால் கையைத் துடைத்தார். “நல்லவேளை, ரெண்டு மணிக்கு முன்னாடி பார்த்த. நல்லாக் கண்டுபிடிச்ச பிரபா,” என்றார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வேலையும் ரங்கராசுவிடமே இருக்கும், ஹாஸ்டலும் என்னிடமே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை, போனைப் பற்றிச் சொல்லாமல் அவரே எனக்குக் கதவைத் திறந்து விட்டு ஒதுங்கி நிற்கிறார், நான் தலையை ஆட்டினால் போதும். தலை ஆடவில்லை. எனக்கு என் மேல்தான் அவ்வளவு கோபம் வந்தது.

“நான் கண்டுபிடிக்கல சார். அவர் போன வியாழக்கிழமையே எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு. நான் முழுசாக் கேக்காம வச்சுட்டேன். ப்ளாக்கும் என்னுது, மிர்ரர் பண்ணினதும் நான்தான்.”

தினகரனின் பேனா நோட்டின் மேல் நின்றது. சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். ரங்கராசு அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றியாக ஏதாவது இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன், எனக்கு எவ்வளவு திமிர். அவர் கண் சிவந்திருந்தது.

“ரெண்டு நிமிசமுங்க மேடம்,” என்றார். “அன்னைக்கு ரெண்டே நிமிசம் கேட்டிருந்தீங்கன்னா, இன்னைக்கு இவ்வளவு பேச்சு நான் கேட்டிருக்க மாட்டனுங்க.”

“ஆமாங்ணா,” என்றேன்.